ஃபாக்டரி பிரீசெட்டுகளை அழித்துவிட்டு வெறும் பேட்சிலிருந்து தொடங்க வேண்டுமா?

மெல்லலை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மூன்று ஆண்டுகளாக மென்பொருள் சிந்தசைசர்களை (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கருவிகளை) வைத்து இசையமைத்து வருகிறேன். இதுவரை பதினொரு பாடல்களை முடித்திருக்கிறேன். பதினொன்றிலும் ஒலிகள் எல்லாமே மென்பொருளோடு வந்த பிரீசெட்டுகள், அதாவது முன்பே அமைத்துவைத்த ஒலிகள்தான். ஃபில்டரின் கட்ஆஃபை (ஒலியின் மேல் அதிர்வெண்களை எங்கிருந்து வெட்டுவது என்ற குமிழை) லேசாகத் திருப்பியதைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை.

சென்ற வாரம் என் புதிய பாடலைக் கேட்ட நண்பர் ஒருவர், நான்கே நொடிகளில் அதிலுள்ள பேட் (பின்னணியில் மென்மையாக நீண்டு ஒலிக்கும் ஒலி) எந்தச் சிந்தசைசரில் எந்தப் பிரீசெட் என்று பெயரோடு சொல்லிவிட்டார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பாடலைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. என் பாடலில் என்னுடையது என்று எதைச் சொல்வது என்ற கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஃபாக்டரி கோப்புறையை மொத்தமாக அழித்துவிட்டு, இனி எல்லா ஒலியையும் இனிட் பேட்சிலிருந்தே, அதாவது எதுவும் அமைக்காத வெறும் தொடக்க ஒலியிலிருந்தே உருவாக்கலாமா என்று யோசிக்கிறேன். யாராவது அப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தனியாக வாசித்தால் நெஞ்சை உருக்கும் அந்தப் பேட், குரலோடு சேர்ந்ததும் குரலை விழுங்கிவிடுகிறது. ஒலியளவைக் குறைத்தால் பேட் இருப்பதே தெரியாமல் போகிறது.

---

சதுரஅலை

அழித்துவிடுங்கள். நான் செய்து பார்த்தவன், இன்றுவரை வருந்தியதில்லை.

எனக்கு அந்த முடிவு ஓர் இரவில் வந்தது. மனத்தில் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கேற்ற பேஸ் ஒலி வேண்டும் என்று பட்டியலைத் திறந்தேன். அடுத்தது, அடுத்தது என்று முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் ஒரு பேஸ் கிடைத்தது, ஆனால் மெட்டு போய்விட்டது. எவ்வளவு முயன்றும் அது திரும்ப வரவில்லை.

அன்றே அலையை எழுப்பும் ஆசிலேட்டர் இரண்டு, ஒரு ஃபில்டர், ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் என்வலப் இரண்டு, ஒலியை மெல்ல ஆட்டும் எல்எஃப்ஓ ஒன்று, இவற்றுக்கு மேல் எதையும் தொடக்கூடாது என்று முடிவு செய்தேன். மூன்று மாதங்களில் நினைத்த ஒலியைச் சில நிமிடங்களில் உருவாக்கக் கை பழகிவிட்டது. இப்போது ஒலியைத் தேடுவதில்லை, செய்கிறேன். பிரீசெட் பட்டியல் கண்முன் இருக்கும்வரை அந்தப் பழக்கம் யாருக்கும் வராது என்பது என் உறுதியான எண்ணம்.

---

பழையகீபோர்டு

சதுரஅலையின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அழிப்பது என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வலிக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

1970இல் வந்த மினிமூக் மாடல் டியில் நினைவகமே கிடையாது. ஒலி பிடித்திருந்தால் எந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்று தாளில் குறித்துவைக்க வேண்டும். 1978இல் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் புராஃபெட்-5 வந்தது. நாற்பது ஒலிகளைச் சேமித்து, ஒரு பொத்தானில் திரும்ப அழைக்க முடிந்தது. அன்றைய வாசிப்பாளர்கள் அதை எவ்வளவு பெரிய விடுதலையாக உணர்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து 1983இல் யமஹா டிஎக்ஸ்7. அதன் எஃப்எம் முறையில், அதாவது ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து ஒலி உருவாக்கும் முறையில், ஆறு ஆபரேட்டர்கள் (அலை எழுப்பும் அலகுகள்), அவற்றை இணைக்க 32 அல்காரிதங்கள் (இணைப்பு வடிவங்கள்). குமிழ்கள் இல்லை. சிறு திரையும் பொத்தான்களும் மட்டும்தான். பெரும்பாலோருக்கு அதற்குள் நுழைய வழி தெரியவில்லை. டேவ் பிரிஸ்டோவும் கேரி லியூன்பெர்கரும் அதற்காக உருவாக்கிய ஒலிகள்தாம் வழியைத் திறந்தன. அந்த ஒலிகள் இல்லையென்றால் ஜான் சௌனிங் ஸ்டான்ஃபோர்டில் கண்டறிந்த எஃப்எம் முறை இத்தனை பேருடைய காதுகளை இவ்வளவு விரைவில் எட்டியிருக்காது.

இ.பியானோ 1 என்ற அந்தப் புகழ்பெற்ற மின்பியானோ பிரீசெட்டை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருளில் டிஎக்ஸ்7இன் பழைய ஒலிக் கோப்புகளை அப்படியே ஏற்றலாம். ஐந்தாம் அல்காரிதம், அதாவது மூன்று இணைகள். ஒவ்வோர் இணையிலும் ஓர் ஆபரேட்டர் ஒலிக்கிறது, மற்றொன்று அதை அசைக்கிறது. ஓர் இணையில் மட்டும் அசைக்கும் ஆபரேட்டரின் அதிர்வெண் 14 மடங்கு. விசையை அழுத்தியதும் கேட்கும் அந்த உலோகக் கிணுக்கு அதிலிருந்துதான் வருகிறது. வந்த வேகத்தில் அடங்கியும் விடுகிறது. மென்மையாக அழுத்தினால் கிணுக்கு ஏறக்குறைய இல்லை, ஓங்கி அழுத்தினால் கண்ணாடிபோல் தெறிக்கிறது. விரலின் விசையை ஒலியளவுக்கு மட்டும் கொடுக்காமல் ஒலியின் நிறத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். எஃப்எம் பற்றிப் பல பக்கங்கள் படித்தும் எனக்குப் புரியாத ஒன்று, அந்த ஒரே பிரீசெட்டில் ஆபரேட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தபோது புரிந்தது.

இப்படிப்பட்ட ஒன்றையா அழிக்கச் சொல்கிறீர்கள்?

---

சதுரஅலை

> இப்படிப்பட்ட ஒன்றையா அழிக்கச் சொல்கிறீர்கள்?

ஐயா, நீங்கள் தந்த எடுத்துக்காட்டே என் பக்கமும் பேசுகிறது. அந்த மின்பியானோ எத்தனை பாடல்களில் வந்தது! 1988இல் வந்த கோர்க் எம்1இன் பியானோவும் ஆர்கனும் ஹவுஸ் என்ற நடன இசையில் எத்தனை முறை ஒலித்தன! உருவாக்கியவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிறர் செய்த ஒலியை ஆயிரம் பேர் அப்படியே எடுத்து வைத்தால், மெல்லலையின் நண்பர் நான்கு நொடியில் பெயர் சொன்னதுபோல்தான் நடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020இல் வந்த வைட்டல் சிந்தசைசரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலவசப் பதிப்பிலும் கட்டணப் பதிப்பிலும் ஒலி எஞ்சின் ஒன்றுதான். இலவசப் பதிப்பில் 75 பிரீசெட்டுகள், மேல்பதிப்பில் நானூற்றுக்கு மேல், கூடவே அதிக வேவ்டேபிள்கள் (அலைவடிவத் தொகுப்புகள்). கருவி ஏற்கெனவே கையில் முழுமையாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தக் கற்றவருக்கு அந்த 75கூட அதிகம் என்பேன்.

---

ஒலித்தச்சன்

சில சிந்தசைசர்களின் ஃபாக்டரி தொகுப்புகளுக்கு ஒலிகளை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வேலையை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஃபாக்டரி பிரீசெட் உங்கள் பாடலுக்காகச் செய்யப்பட்டது அன்று. புதிதாக மென்பொருளைத் திறப்பவர் ஒரு விசையை அழுத்துவார், இரண்டு மூன்று நொடி கேட்பார், அடுத்ததுக்குப் போய்விடுவார். அந்த இரண்டு நொடியில் கருவியின் திறம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வேறு வாத்தியம் எதுவும் உடன் ஒலிக்காத நேரம் அது. ஆகவே ஒரே ஒலி கீழிருந்து மேல்வரை எல்லா அதிர்வெண்களையும் நிரப்புகிறது. யூனிசனில் ஏழு குரல்கள் (அதே சுரத்தின் சற்றே விலகிய பிரதிகள்), இடமும் வலமும் விரிந்த கோரஸ், டிலே (எதிரொலி), நீண்ட ரிவெர்ப் (அறைமுழக்கம்), எல்லாம் சேர்கின்றன. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தனி ஒலியாக அது நிறைவாக நிற்க வேண்டும் என்பதே எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. மெல்லலை, உங்கள் பேட் தனியே உருக்கமாகவும் குரலோடு முரடாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

உரத்த ஒலி நல்ல ஒலியாகத் தோன்றும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒலியளவு கூடும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் கூடுதலாகக் கேட்கத் தொடங்குகின்றன. ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அதை அளந்து வெளியிட்டார்கள். பிரீசெட்டுகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்தாமல் கேட்டால், நீங்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் உரக்க ஒலிப்பதைத்தான்.

ஒரு பிரீசெட்டில் நான் அதிக நேரம் செலவிடுவது அலைவடிவத்தில் அன்று. விரல் அழுத்தும் வேகம் ஃபில்டரை எவ்வளவு திறக்க வேண்டும், மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஒலி எவ்வளவு பிரகாசமாக வேண்டும், மாட் வீலை (கீபோர்டின் ஓரத்தில் உள்ள சக்கரத்தை) தள்ளினால் என்ன மாற வேண்டும், இவற்றில்தான் மணிக்கணக்காக உட்காருகிறேன். பெரும்பாலோர் இவற்றைத் தொடுவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இனிட் பேட்சில் இவை எதுவும் இருக்காது. டிஎக்ஸ்7இன் இனிட் ஒலியில் ஒரே ஓர் ஆபரேட்டர், ஒரு சைன் அலை. இன்றைய வேவ்டேபிள் சிந்தசைசர்கள் பலவற்றில் திறந்த சா டூத் (ரம்பப்பல் வடிவ) அலை. அங்கிருந்து தொடங்குபவர்கள் அலையையும் ஃபில்டரையும் சரிசெய்த பிறகு, விரலுக்கும் ஒலிக்கும் இடையிலான இந்த உறவை அமைக்காமலே நிறுத்திவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சதுரஅலை, இது உங்களைக் குறித்துச் சொன்னது அன்று, தவறாக எண்ண வேண்டாம்.

ஒரு யோசனை. பேஸ், லீட், பேட் என்று வகைவாரியாகத் தேடாமல், வடிவமைத்தவர்வாரியாகத் தேடிப் பாருங்கள். பல தொகுப்புகளில் பிரீசெட்டின் பெயருக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்துகள் அதைச் செய்தவரின் முதலெழுத்துகள். யூ-ஹீ நிறுவனத்தின் சீப்ரா போன்ற கருவிகளில் ஹாவர்டு ஸ்காரின் ஒலிகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் வரிசையாகத் திறந்து கேளுங்கள். ஒருவருடைய கைப்பழக்கம் புலப்படத் தொடங்கும். எரிக் பெர்சிங்கைப் பாருங்கள். 1987இல் ரோலண்ட் டி-50க்கு ஏட்ரியன் ஸ்காட்டோடு சேர்ந்து ஒலிகள் செய்தவர், பின்னர் ஸ்பெக்ட்ராசோனிக்ஸைத் தொடங்கி ஆம்னிஸ்பியரைக் கொண்டுவந்தார். பிரீசெட் என்றால் பெயரில்லாத பண்டம் என்று நினைக்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது.

---

விரல்வழி

இந்த உரையாடலில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. எனக்குக் கண்பார்வை இல்லை. திரைவாசிப்பான் மூலமே கணினியில் வேலை செய்கிறேன். பல சிந்தசைசர்களின் திரை திரைவாசிப்பானுக்கு வெறும் படம். எந்தக் குமிழ் எங்கே இருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்று எதுவும் வாசிக்கப்படாது. "இனிட் பேட்சிலிருந்து தொடங்குங்கள்" என்ற அறிவுரை அங்கே எனக்குப் பயன்படாது. பிரீசெட்டுகள் இல்லையென்றால் அந்தக் கருவிகள் எனக்கு இல்லை.

சர்ஜ் எக்ஸ்டி விதிவிலக்கு. திறந்த மூலத் திட்டம், திரைவாசிப்பானுக்கு ஏற்ப நன்றாகவே அமைத்திருக்கிறார்கள். அதில் நான் வெறும் பேட்சிலிருந்தும் ஒலிகள் செய்கிறேன், மகிழ்ச்சியாகவே செய்கிறேன். மற்றவற்றில் பிரீசெட்டை ஏற்றிவிட்டு, வெளிப்படுத்தப்பட்ட மேக்ரோக்களை (பல அமைப்புகளை ஒன்றாக மாற்றும் குமிழ்களை) கொண்டு மாற்றுவேன்.

ஒலித்தச்சன் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். மேக்ரோக்களுக்குத் தயவுசெய்து பெயர் வையுங்கள். "பிரகாசம்", "அசைவு", "இடம்" என்று இருந்தால் நான் நொடியில் புரிந்துகொள்வேன். "மேக்ரோ 1, மேக்ரோ 2" என்று இருந்தால் ஒவ்வொன்றையும் திருப்பிக் காதால் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

---

ஒலித்தச்சன்

விரல்வழி, என் பழைய ஒலிகளில் பாதிக்கு மேல் பெயரில்லாத மேக்ரோக்கள்தான் இருக்கின்றன. இதை நான் ஒருபோதும் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது செய்துகொண்டிருக்கும் தொகுப்பில் எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கிறேன். முடிந்ததும் வெளியிடும் முன் உங்களுக்கு அனுப்பலாமா?

---

விரல்வழி

கட்டாயம் அனுப்புங்கள். நன்றி.

---

மேடைவிசை

மேடையில் வாசிப்பவன். ஒரு நிகழ்ச்சிக்கு முப்பது பாடல் என்றால் முப்பதுக்கும் இனிட்டிலிருந்து ஒலி செய்ய எனக்கு நேரமில்லை. நம்பகமான பத்துப் பதினைந்து பிரீசெட்டுகளை எடுத்து, ஒலியளவைச் சமப்படுத்தி, பயனர் கோப்புறையில் என் பெயரில் சேமித்து, ஒலியை மாற்றும் கட்டளையான புரோகிராம் சேஞ்ச் எண்களில் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன்.

பயனர் கோப்புறை என்பதை அழுத்திச் சொல்கிறேன். முன்பு ஒரு சிந்தசைசரில் ஃபாக்டரி ஒலிகளையே திருத்தி அதே பெயரில் சேமித்து வந்தேன். புதிய பதிப்பை நிறுவியதும் ஃபாக்டரி கோப்புறை முழுவதும் மறுபடி எழுதப்பட்டது. ஓராண்டுத் திருத்தங்கள் போய்விட்டன. அதற்கு மறுநாள் நிகழ்ச்சி இருந்தது. மெல்லலை, கோப்புறையை அழித்தாலும் அடுத்த பதிப்பை நிறுவும்போது எல்லாம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

---

இரவுக்கலவை

எல்லோரும் கொள்கையைப் பேசிவிட்டீர்கள். பேட் இன்னும் குரலை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு வருவோம்.

மெல்லலை, முதலில் பிரீசெட்டின் ரிவெர்ப், டிலே, கோரஸ் எல்லாவற்றையும் அணையுங்கள். ஒலி திடீரென்று சிறுத்து, வறண்டு கேட்கும். பயப்பட வேண்டாம், அந்த நிலையிலேயே குரலோடு சேர்த்து இரண்டு முறை கேளுங்கள். ரிவெர்ப் ஐந்தாறு நொடி நீண்டால் முந்தைய சுரக்கூட்டின் வால் அடுத்த சுரக்கூட்டின்மேல் படிந்துகொண்டே இருக்கும். பாதிச் சகதி அதனால்தான். ரிவெர்ப் வேண்டுமானால் குரலுக்குப் போட்ட அதே ரிவெர்பைத் தனிச் சேனல் வழியாக இதற்கும் கொஞ்சம் அனுப்புங்கள். இரண்டும் ஒரே அறையில் நிற்பதுபோல் இருக்கும்.

அடுத்தது யூனிசன். இரண்டு ஆசிலேட்டர், ஒவ்வொன்றிலும் ஏழு குரல், நீங்கள் ஐந்து சுரங்களை அழுத்துகிறீர்கள் என்றால் ஒரே நேரத்தில் எழுபது அலைகள். ஏழு குரலை இரண்டாகவோ மூன்றாகவோ குறையுங்கள். கணினியின் சுமையும் இறங்கும்.

பிறகு ஃபில்டர். சொற்களைத் தெளிவாக்கும் மெய்யெழுத்து ஒலிகளின் பெரும்பகுதி ஏறக்குறைய 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. குரல் வரும் இடங்களில் கட்ஆஃபை அதற்குக் கீழே இறக்கிவையுங்கள், இடைவெளிகளில் திறந்துவிடுங்கள். கீழே 150 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டிவிட்டால் பேஸுக்கும் இடம் கிடைக்கும். எண்களைக் காதுக்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

இனிமேல் பிரீசெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது தனியாகக் கேட்காதீர்கள். பாடலின் நான்கு தாளச் சுற்றுகளைக் குரலோடு சுழலவிட்டு, அதன்மேல் பிரீசெட்டுகளை மாற்றுங்கள். தனியே சாதாரணமாகத் தோன்றும் ஒலிகளே அங்கே பெரும்பாலும் சரியாகப் பொருந்தும்.

---

சதுரஅலை

இரவுக்கலவை சொன்ன நான்கையும் ஒருவர் செய்துவிட்டால், அவர் ஏறக்குறைய புதிய ஒலியைச் செய்துவிட்டார் என்றுதான் பொருள். அப்படியானால் ஏன் இனிட்டிலிருந்தே தொடங்கக்கூடாது?

---

பழையகீபோர்டு

ஏனென்றால், எதை அணைத்தால் என்ன போகிறது என்று கேட்கும்போது வரும் அறிவு, எதைச் சேர்த்தால் என்ன வருகிறது என்பதிலிருந்து வருவதில்லை. நமக்குத் தெரியாததை நாமாகச் சேர்க்க முடியாது. ஃபில்டரின் கட்ஆஃபை விரலின் வேகத்தோடு இணைக்கலாம் என்று யாராவது ஒருவர் செய்து காட்டிய பிறகுதான் நாம் இணைக்கிறோம். நீங்கள் மூன்று மாதத்தில் கற்றது பெரிய செயல். ஆனால் அந்த இரண்டு ஆசிலேட்டரும் ஒரு ஃபில்டரும் என்ற எல்லைக்குள் உங்கள் கற்பனையும் தங்கிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

---

மெல்லலை

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கோப்புறையை அழிக்கவில்லை.

இரவுக்கலவை சொன்ன வரிசையில் செய்தேன். எஃபெக்டுகளை அணைத்ததும் முதலில் ஏமாற்றமாக இருந்தது. நான் காதலித்த பேட்டில் பெரும்பகுதி ரிவெர்ப்தான் என்று தெரிந்தது. ஆனால் குரல் உடனே மேலே வந்துவிட்டது. யூனிசனை ஏழிலிருந்து மூன்றாக்கினேன். சரணத்தில் கட்ஆஃபை இறக்கி, குரல் ஓயும் இடத்தில் மெல்லத் திறக்கும்படி வரைந்தேன்.

பிறகு பழையகீபோர்டு ஐயா சொன்னதுபோல் ஒவ்வொரு பகுதியாக அணைத்துக் கேட்டேன். அந்தச் சிந்தசைசரில் மூன்று ஆசிலேட்டர்கள். மூன்றாவதை அணைத்தபோது எந்த மாற்றமும் கேட்கவில்லை. அதன் ஒலியளவு பூஜ்யத்தில் இருந்தது. எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று இணைப்புப் பட்டியலைப் பார்த்தேன். மாட் வீலோடு இணைத்திருக்கிறார்கள். என் சிறிய கீபோர்டில் மாட் வீல் கிடையாது. ஒரு ஸ்தாயி மேலே, மூச்சுக்காற்றுபோன்ற இரைச்சலோடு ஒரு வேவ்டேபிள் மெல்ல எழுகிறது. மூன்று ஆண்டுகளாக இந்தப் பிரீசெட்டைப் பயன்படுத்துகிறேன், அதன் மிக அழகான பகுதியை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

---

ஒலித்தச்சன்

இதைப் படித்ததும் நெஞ்சு நிறைந்தது. அதைச் செய்தவர் யாரென்று தெரியாது, ஆனால் அவர் சார்பில் நான் மகிழ்கிறேன். கீபோர்டில் வீல் இல்லையென்றால் மிடியில் (கருவிகளுக்கு வாசிப்புக் கட்டளைகளை அனுப்பும் முறை) மாட் வீலுக்குரிய கன்ட்ரோலர் எண் 1ஐ ஆட்டோமேஷனாக, அதாவது நேரத்தோடு மாறும் கோடாக வரையுங்கள். மதிப்பு 0 முதல் 127 வரை. ஒரே நேர்க்கோடாக ஏற்றாமல், தொடக்கத்தில் மெதுவாகவும் முடிவில் வேகமாகவும் வளைத்து ஏற்றுங்கள்.

---

சதுரஅலை

மாட் வீலில் மறைந்திருக்கும் மூன்றாம் ஆசிலேட்டர் எனக்குத் தோன்றியிருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். பட்டியலைப் பார்த்துக்கொண்டே ஒலி தேடுவது மெட்டைக் கொன்றுவிடும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. இசையமைக்கும் நேரத்தில் பட்டியலைத் திறக்க மாட்டேன். ஆனால் வாரத்தில் ஒரு மாலை, எந்தப் பாடலும் கையில் இல்லாதபோது, ஒரே ஒரு பிரீசெட்டைத் திறந்து முழுவதும் பிரித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பழையகீபோர்டு ஐயா, எதிலிருந்து தொடங்கலாம்?

---

பழையகீபோர்டு

டெக்ஸ்டில் இ.பியானோ 1. 14 மடங்கில் இருக்கும் அந்த ஆபரேட்டரை 13 ஆக்கிக் கேளுங்கள், பிறகு 7, பிறகு 3. கேட்டதை இங்கே எழுதுங்கள்.

---

மெல்லலை

ஒலித்தச்சன், வளைத்து ஏற்றினேன். இரண்டாம் சரணம் முடிந்து குரல் நிற்கும் இடத்தில் அது எழுகிறது. அதற்காகவே அந்த இடத்தில் இரண்டு தாளச் சுற்றுகள் கூடுதலாக விட்டிருக்கிறேன். பாடலின் வடிவமே கொஞ்சம் மாறிவிட்டது, இப்போது கடைசிப் பல்லவிக்கு வேறு சுரக்கூடுகள் தேவைப்படுகின்றன. அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.